பிராக்கெட் போட்டுக் கொடுத்த பதில்கள்

முத்தியால்பேட்டைப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு, போன வருடம் ரிட்டயர் ஆனேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்கள் சிலர், "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம்" என்றார்கள். நன்றாக நடந்ததை எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான் கோட்டை விட்டதை எழுதுகிறேன்.

1. சனிக்கிழமை, பூட்டிய கேட்

மதிப்பெண் ரெஜிஸ்டரை வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டேன். அதை எடுக்க சனிக்கிழமை காலை வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு போனால், கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா நிற்கிறார். பக்கத்தில் யூனிஃபார்மில் ரித்திகா. என் வகுப்பின் நம்பர் ஒன் ரீடர். ஆண்டு விழாவா, ஆய்வுக்கு அதிகாரி வருகிறாரா, புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக நிற்பேன். ஓரிடத்தில் தடுக்காது.

"என்னா டீச்சர், யாரையும் காணோம்? பல்லு டாக்டர் எத்தினி மணிக்கு வருவாங்க?" என்றார் அம்மா.

"முகாம் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போயிடுச்சே. நோட்டீஸ் அனுப்பினோமே, ரித்திகா அம்மா?"

"அய்யோ, சூப்பர்வைசர் கையில கால்ல வுழுந்து லீவு வாங்கிக்கினு வந்தேன் டீச்சர். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நோட்டீசை இதுதான் படிச்சிச்சு. ஒரு எழுத்து விடல. பல்லு, சனிக்கிழமைன்னு காதுல வுழுந்துச்சு, கிளம்பி வந்துட்டேன்."

அவர் பேக்கிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பட்டன் போன், அதனால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் ரித்திகாதான் படித்துச் சொல்ல வேண்டும்.

ரித்திகா பையிலிருந்து நோட்டீசை எடுத்து, அங்கேயே நின்று படித்தாள். "இந்தச் சனிக்கிழமை நடைபெறவிருந்த பல் பரிசோதனை முகாம், தவிர்க்க இயலாத காரணத்தால் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவ்வளவு அழகாகப் படித்தாள்.

"ஒத்திவைக்கப்பட்டுள்ளதுன்னா என்னம்மா?"

"தெரியாது டீச்சர்."

"தெரியலன்னா ஏன் யார்கிட்டயும் கேக்கல?"

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தாள். "கேக்கணுமா டீச்சர்?"

அம்மா நோட்டீசைப் பிடுங்கி மடித்தார். "இனிமே மெடிக்கல் ஷாப்பு அண்ணன்கிட்டயே காட்டிக்கிறேன். நீ ஒண்ணும் படிச்சிக் கிழிக்க வேணாம்."

ரித்திகாவின் முகம் சுருங்கிப் போனது. வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது, என் கண் முன்னால் போய்விட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. நோட்டீசை அந்தக் கலெக்டர் ஆபீஸ் தமிழில் எழுதியதும் நான்தான்.

2. நோட்டைத் திறந்தேன்

திங்கட்கிழமை அவள் வினா-விடை நோட்டை எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் என் சிவப்பு மை, வெரி குட், வெரி குட். ஒரு தப்பு இல்லை. இத்தனை சரியாக எழுதுகிற பிள்ளைக்கு ஒரு நோட்டீஸ் எப்படிப் புரியாமல் போகும்? துப்பறிகிற ஆர்வம் வந்துவிட்டது எனக்கு. அவள் பாடப் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினேன்.

பக்கத்துக்குப் பக்கம் பென்சில் பிராக்கெட். ஓரத்தில் 1, 2, 3 என்று நம்பர்.

இந்தப் பழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பாடத்தை ஒரு தடவை வாசிப்போம். பிறகு, "பென்சில் எடுங்க. முதல் கேள்விக்கு ரெண்டாவது பத்தி, 'ஆகவே'யிலிருந்து 'சென்றான்' வரைக்கும் பிராக்கெட் போடுங்க" என்போம். பிள்ளைகள் பிராக்கெட்டுக்குள் இருப்பதை நோட்டில் எழுதுவார்கள், பரீட்சையிலும் அதையே எழுதுவார்கள். நாமும் டிக் போட்டுக்கொண்டே போவோம். நான் படித்ததும் இப்படித்தான், முப்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தான். அந்த நோட்டில் இருந்த பதில்களெல்லாம் என்னுடையவை. கையெழுத்து மட்டும் ரித்திகாவுடையது.

3. கொடியில் காய்ந்த யூனிஃபார்ம்

மறுநாள் போர்டில் நானே நாலு வரி எழுதினேன். வானம் கறுத்தது. அம்மா மாடிக்கு ஓடினாள். கொடியில் மாலதியின் யூனிஃபார்ம் இருந்தது. அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். "அம்மா ஏன் ஓடினாள்? பதில் எழுதுங்க. பிராக்கெட் கிடையாது."

"எந்த லைன் டீச்சர்?" என்று நாலு பக்கமும் குரல். "லைன்ல இல்ல, யோசிங்க" என்றேன். பாதி வகுப்பு பென்சிலைக் கடித்தது. ரித்திகா எழுதியது: 'அம்மா மாடிக்கு ஓடினாள்.'

கடைசி பெஞ்சில் அபிநயா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆகும். மெல்லக் கற்போர் லிஸ்ட்டில் முதல் பெயரே அவளுடையது. அவளையும் கேட்டேன்.

"மழ வரப் போவுதுல்ல டீச்சர். யூனிஃபார்ம் நனைஞ்சிட்டா நாளைக்கு அது என்னாத்த போட்டுக்கினு வரும்?"

என் லிஸ்ட்டை நானே கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. ஒருத்திக்கு வாய் ஓடுகிறது, மனசு நிற்கிறது. இன்னொருத்திக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது.

4. தட்டினால் நிறுத்து

வகுப்பு முழுவதையும் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தேன். ஒருத்தர் படிக்க வேண்டும். கேட்கிறவருக்குப் புரியாவிட்டால் பெஞ்சில் ஒரு தட்டு. படிக்கிறவர் அங்கேயே நிறுத்தி, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் இரண்டு பேரும் எழுந்து வந்து என்னைக் கேட்க வேண்டும். பிறகு ஆள் மாற்றிப் படிக்க வேண்டும்.

முதல் வாரம் படு தோல்வி. தட்டுவதற்காகவே தட்டினார்கள். ரித்திகாவை அபிநயா வரிக்கு வரி நிறுத்தினாள், ரித்திகா அழுதே விட்டாள். "நான் கரெக்டாத்தான டீச்சர் படிக்கிறேன், இவ வேணும்னே தட்டுறா!" ஹெச்.எம். சார் ஓடி வந்தார்.

"இன்னா மேடம், மீன் ஏலம் மாதிரி சத்தமா இருக்கு? பக்கத்து செக்‌ஷன்ல ஏழு பாடம் நோட்டுல ஏறிடுச்சு. உங்களுது மூணுல நிக்குது. ஆய்வுக்கு வந்தா நான் என்னா பதில் சொல்றது?"

"வர்ற அதிகாரிய, நோட்டை மூடிட்டுப் பிள்ளைங்களயே கேள்வி கேக்கச் சொல்லுங்க சார். அவங்க பதில் சொல்லுவாங்க" என்றேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். உண்மையில் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒரு பிள்ளையும் சொல்லியிருக்காது.

மூன்றாவது வாரம் ரித்திகா ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தாள். அபிநயா சும்மா இருந்தாள். ரித்திகா திடீரென்று நிறுத்தி, தன் கையாலேயே பெஞ்சைத் தட்டினாள். "இது எனக்கே புரியல, இரு" என்று முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்த்தால் அதற்கும் கேள்வி கேட்பார்கள்.

5. கையெழுத்து இல்லாமல் வந்த காகிதம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் பொட்டானிக்கல் கார்டனுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. பெற்றோர் சம்மதக் கடிதத்தை இந்தத் தடவை எளிமையான தமிழில் எழுதி, ஹெச்.எம். சார் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். மறுநாள் எல்லாம் கையெழுத்தோடு திரும்பி வந்தன, ரித்திகாவுடையது தவிர.

"அம்மா மெடிக்கல் ஷாப்புக்கு இன்னும் போகலியா?" என்றேன்.

"அம்மா கையெழுத்துப் போட பேனா எடுத்துட்டாங்க டீச்சர். நான்தான் படிச்சிப் பாத்துட்டு வேணாம்னு சொன்னேன். காலையில எட்டு மணிக்குக் கிளம்புறோம்னு போட்டிருக்கு. திரும்பி எப்ப வருவோம்னு இல்லவே இல்ல. அம்மாவுக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு. யார் வந்து என்னைக் கூட்டிக்கினு போவாங்க?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். எழுதிய நான் பார்க்கவில்லை, ஹெச்.எம். சார் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்ட அத்தனை வீட்டிலும் பார்க்கவில்லை. வந்து சேருவது மாலை நாலு மணி, வழக்கமாகப் பள்ளி விடும் நேரம்தான் என்று எல்லாக் காகிதத்திலும் கையால் எழுதி, திரும்பவும் வீட்டுக்கு அனுப்பினேன். அசடு வழிந்ததுதான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் அசடு வழிந்ததே இல்லை.

புதிய டீச்சர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை தடுக்காமல் படித்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் புரியவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

கார்டனுக்குப் போன அன்று காலை, ரித்திகாவைக் கொண்டுவந்து விடுவதற்கு அவள் அம்மாவே வந்திருந்தார். அபிநயாவின் அம்மா யாரோ கொடுத்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, "இதுல இன்னா போட்டிருக்குன்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டுக்கினு வரலாம், வரியா?" என்று அவரைக் கூப்பிட்டார்.

"எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார் ரித்திகாவின் அம்மா. "எங்க பொண்ணுகிட்ட குடு. புரியலன்னா புரியலன்னு சொல்லிடும்."