எனக்கு மட்டும் இரண்டு பாயசம்

எங்கள் தெருவில் யாருக்கும் பிறந்தநாள் என்று ஒன்று கிடையாது. புயலுக்கு முன்னால் பிறந்தவன், வெள்ளத்துக்குப் பின்னால் பிறந்தவள் என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் உண்டு. என்னைப் பெற்ற அம்மா சுவரில் மாட்டிய படத்தில்தான் இருந்தாள். அவள் தங்கையே அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு எனக்குச் சித்தியாக வந்தாள். வந்த வருஷமே என் பிறந்தநாளுக்கு வெல்லப் பாயசம் வைத்தாள். அதே வாரத்தில் அம்மா படத்துக்குப் படையல் வரும், அதற்கும் பாயசம். ஒரே வாரத்தில் இரண்டு பாயசம் குடிக்கிறவள் வலங்கைமான் பக்கத்திலேயே நான் ஒருத்திதான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சித்திக்குத் தம்பி பிறந்தது ஒரு தை மாதம். கதிர் முற்றி நின்றது, அறுப்பு நடக்கவில்லை. கூலி உயர்வு கேட்டு எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கிவிடுவார் என்று ரோட்டில் பனைமரத்தைக் குறுக்கே போட்டு அப்பா காவல் இருந்தார். செங்கொடிச் சங்கத்துக்கு எங்கள் ஊரில் அவர்தான் தலைவர். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனான என் மாமாவோ கழகக்காரர். தேர்தல் நேரம், மைக் கட்டிய அம்பாசடர் காரில் சுற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் கட்சி ஆட்சியில் போலீஸ் மிராசுதார் பக்கம் நிற்கிறது என்று அப்பாவுக்குக் கோபம். இருவரும் பேச்சை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

பிள்ளை பெற்ற அறையில் அப்பாவின் அக்காவான அத்தை வைத்ததுதான் சட்டம். ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. பெற்றவள் தண்ணீர் கேட்டால் நாக்கை நனைக்கத்தான் கொடுக்கலாம். தீட்டுக் கழியாமல் வாசலைத் தாண்டக் கூடாது. சின்னப் பிள்ளைக்குத் தீட்டு இல்லை என்பதால் எனக்கு மட்டும் தடை இல்லை. தைப் பனியில் நடுங்கிக்கொண்டு போய்ச் சித்தியின் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். அடுப்படியில் படுத்தது போலக் கதகதவென்று இருக்கும். நாளாக ஆகச் சித்தியின் சூடு ஏறியது. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நானும் சேர்ந்து குலுங்கினேன். அறையில் ஒரு கெட்ட நாற்றம் வந்தது. அத்தை சாம்பிராணி போட்டாள்.

"பால் காய்ச்சல்தான். பால் கட்டுனா ஒடம்பு காயத்தான் செய்யும். தானா எறங்கிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

மறுநாள் காலை அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு மறியலுக்குப் போனேன். ஆட்கள் பனைமரத்தின் மேல் உட்கார்ந்து குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்கெல்லாம் குளிரே இல்லப்பா. சித்தி ஒடம்பு நெருப்பாக் கெடக்கு. நான் ஒட்டிக்கிட்டுப் படுத்துக்குவேன்."

கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோன அப்பா அப்படியே நிறுத்தினார். "ரூம்புல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமா. அத்தை சாம்பிராணி போட்டாங்களே."

தூக்கு உருண்டு கஞ்சி ரோட்டில் ஓடியது. அப்பாவும் ஓடினார், எங்கள் வீட்டைத் தாண்டி, கழகக் கொடிக்கம்பத்தடியில் நின்ற மாமாவின் காரை நோக்கி. பேசாத இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் போய்ச் சேர்வதற்குள் கார் எங்கள் வாசலில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் திருவிழா. அப்பா அறைக்குள் நுழைந்தார். தீட்டு, தீட்டு என்று அத்தை குறுக்கே நின்றாள். "இது பால் காய்ச்சல் இல்ல. இவ அக்காவுக்கும் நீங்க இப்படித்தானேக்கா சொன்னீங்க" என்றார் அப்பா. அத்தை தம்பியை அள்ளிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினாள். சித்தியைப் பாயோடு தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். எனக்கு முன்சீட்டு.

ரோட்டில் அப்பாவின் பனைமரம் கிடந்தது. எவன் வந்தாலும் விடாதீர்கள் என்பது அவர் போட்ட உத்தரவு. ஆட்களும் நல்ல கட்டுப்பாடானவர்கள். கழகக் கொடியைக் கண்டதும் கைகோத்து நின்று கோஷம் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அப்பா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மாமாவுக்கோ பிரச்சாரத்தில் தொண்டை கட்டியிருந்தது. மைக்கை என் கையில் கொடுத்தார்.

"எங்க சித்திக்கு வந்தது பால் காய்ச்சல் இல்ல. மரத்த எடுங்க" என்றேன். சுற்றுப்பட்ட ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும்.

மரம் புரண்டது. நின்ற கார் கிளம்ப மறுத்தது. கழகக் காரைச் செங்கொடிக்காரர்கள் தள்ளியது எங்கள் ஊர் வரலாற்றில் அன்று ஒருநாள்தான்.

பிரசவப் புண்ணில் விஷம் ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கைமீறியிருக்கும் என்றாராம் கும்பகோணத்து லேடி டாக்டர். ஊசியும் பாட்டிலுமாகச் சித்தி பிழைத்து, இளைத்துத் துரும்பாக வீடு வந்தாள். நான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். சூடெல்லாம் போயிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தத் தேர்தல் முடியும்வரை மாமா ஓட்டுக் கேட்ட கையோடு மைக்கில் இதையும் சொன்னார்: "பிள்ள பெத்தவளுக்குக் காய்ச்சல் வந்தா பால் காய்ச்சல்னு போட்டு வைக்காதீங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. காரு நான் தர்றேன்." அப்பாவின் ஆட்கள் இதற்கு மட்டும் கைதட்டினார்கள். நான் கேட்ட தேர்தல் வாக்குறுதிகளில் நிறைவேறியது இது ஒன்றுதான். எங்கள் தெருவில் பிரசவம் ஆனால் காருக்குச் சொல்லியனுப்புவது அத்தை வேலையானது.

மறு தையில் தம்பிக்குப் பிறந்தநாள் வந்தது. சித்தி பாயசம் வைத்தாள். நான் அடுத்த பாயசத்துக்குக் காத்திருந்தேன். வாரம் போனது, வரவில்லை. சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"தம்பிக்கு ஒரு பாயசந்தானா? எனக்கு மட்டும் ரெண்டு வருமே."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். சித்தி என்னை இழுத்துத் தம்பியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமாண்டி, அவனுக்கு ஒண்ணே போதும்" என்று என் தலையைத் தடவினாள். வெகுநேரம் எங்கள் இருவரையும் விடவில்லை.

எனக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைவிட அவனுக்கு ஒன்று குறைகிறதே என்று வெகுகாலம் அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.