கரி என்று தேய்த்தது

மகளின் பையனைக் குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றினேன். தொடையில் நீலமாய் ஒரு அடையாளம். உடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றுகிற வேலை. வந்ததும் வராததுமாய்த் தம்பி செல்வத்தைத் தூக்குவார்.

"கரிக்கையோட பிள்ளையைத் தொடாதேங்கோ!" என்று அம்மா கத்துவா.

ஒருநாள் தம்பியின் விலாவில் விரல் விரலாகக் கறுப்பு. கரிதான் என்று அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தா. போகவில்லை. தேங்காய்த் தும்பால் தேய்த்தா. தம்பி கதறினான். விடியும்போது அந்த இடம் முழுக்கக் கறுத்து வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

"குடிச்சிட்டு அடிச்சியா?"

"தூக்கினது மட்டும்தான் ஐயா."

அம்மாவும் அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தா.

பிறகு தம்பியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். குத்தின இடம் கொஞ்ச நேரத்தில் கறுத்து வீங்கியது. டாக்டரின் குரல் தணிந்தது.

"இது ரத்தம் உறையாத வருத்தம். மருந்தில்லை. பொம்பிளைகள் வழியா ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வரும்."

சொல்லிவிட்டு, சிறுமியாய்ப் பக்கத்தில் நின்ற என்னையும் ஒருமுறை பார்த்தார்.

அதற்குப் பிறகு அப்பா தம்பியைத் தூக்கவே இல்லை. தரையில் இருப்பார். அவன்தான் மடியில் ஏறுவான். பால்பல் விழுந்தபோது ரத்தம் நிற்காமல் தம்பி செத்துப்போனான்.

விரலில் எச்சில் தொட்டுப் பேரனின் தொடையை மெல்லத் தடவினேன். அழுத்தப் பயம். நீலம் விரலில் ஒட்டியது.

"அழிக்காதேங்கோ அம்மம்மா, அது நான் பேனையால கீறின கப்பல்!"

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அவன் வந்து மடியில் ஏறினான்.