நான் நிறுத்திய போன்

கடைக்குள் போன் பேசக் கூடாது என்று வாடிக்கையாளரைத் தடுக்கலாமா, கூடாதா என்று யாராவது வாதாடத் தொடங்கினால், நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். தடுத்தவள் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் இருந்த சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். செட்டிபாளையத்தில் எனக்கொரு தையல் கடை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் போனோடு தூக்குவார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். வாசலில் ஒரு பிஸ்கட் தகரப் பேணியை வைத்து, போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டேன். பெரிய நீதவான் என்று நினைப்பு.

அப்போது எங்களிடம் 'ரிங் கட்' என்றொரு பழக்கம் இருந்தது. ஒருமுறை மணியடிக்க விட்டு வெட்டிவிடுவது. பேச்சில்லாமலே செய்தி போய்விடும். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டி டவுனுக்குப் போகும் ஒருவர், ஆமிச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மனைவிக்கு அப்படி அடிப்பார்; பிடிபடாமல் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அவள் சட்டைக்கு அளவு பார்க்க வந்த அன்று அதைச் சொல்லி, போனைக் கையில் வைத்திருக்கக் கெஞ்சினாள்.

"மணியடிச்சாக் கேக்கும்தானே புள்ள, பேணிக்க போடு" என்றேன்.

திரைக்குப் பின்னால் அவள் போட்டிருந்த அரைகுறைச் சட்டையில் அளவுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது, பேணிக்குள் வேறு யாருடையதோ போன் அலறியது. எரிச்சலில் போய், கிடந்த நான்கு போனையும் நிறுத்தினேன். ஒன்று அவளுடையது என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

அவள் வெளியே வந்து பார்த்தபோது போன் செத்துக் கிடந்தது. அதை மறுபடி போட்டுக் கணவருக்கு அடித்தாள், அவர் எடுக்கவில்லை. ஊசி குத்திய சட்டையோடே சாவடிக்குப் பக்கத்து ஆமி முகாமுக்கு ஓடி, "என்ட மனுசனப் பிடிச்சி வச்சிருக்கீங்களா?" என்று அழுதிருக்கிறாள். அவரோ வழக்கம்போல் ரிங் கட் அடித்துவிட்டு, அந்நேரம் சந்தை இரைச்சலில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

அதுவரை அவரைக் கண்டுகொள்ளாத ஆமிக்காரருக்கு, பெண்சாதியே இவ்வளவு பயப்படுகிறாளே என்று சந்தேகம் வந்துவிட்டது. பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து சாவடியில் அவரை மட்டும் இறக்கி, மீன் பழுதாகும்வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். இரண்டு கிழமையில் அவர் டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த ஊசி குத்திய சட்டையைத் தைத்து முடிக்கக் கொண்டு வந்தாள்.

"அக்கா, அண்டைக்குச் சொல்லாம ஓடிட்டன், குறை நினைக்காதீங்க. பழைய போன், தானா நிண்டு போயிற்று."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நினைத்துக்கொண்டே சட்டையில் இருந்த ஊசிகளை எண்ணினேன்.

"ஓம் புள்ள, பழசெண்டா அப்படித்தான்" என்றேன்.