ஜன்னலோரக் கைக்குட்டை

பேய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், சரக்கு எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிற ஆள் நான். சாத்தாங்காடு இரும்புக் கிடங்கில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன், என்னிடம் யாரும் கதை விட முடியாது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி மல்லிகா கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. எண்ணூர் வரைக்கும் சும்மா ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன தை மாதம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், அந்தக் காலத்து டிராம் மாதிரியே மரப்பலகை, மணி எல்லாம் வைத்து ஒரு சுற்றுலா வண்டி விட்டார்கள். டிக்கெட் வாங்கும்போது பழக்க தோஷத்தில் "ரெண்டு" என்று வாயில் வந்துவிட்டது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு கூத்தும் செய்தேன். வண்டி வந்ததும் ஓடிப்போய் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தேன். மல்லிகாவுக்கு ஜன்னலோரம்தான் வேண்டும், எந்த பஸ்ஸாக இருந்தாலும் அப்படித்தான் பிடித்துக் கொடுப்பேன்.

"இன்னா அண்ணே, எல்லாருக்கும் நம்பர் போட்ட சீட்டு கீது, நீ இன்னாத்துக்கு துண்டு போடுற?" என்று மைக் பிடித்த வழிகாட்டி அம்மா கேட்க, வண்டியே சிரித்தது. நான் கைக்குட்டையை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

திருவொற்றியூர் கோயில், விம்கோ நகர், எண்ணூர் புகைக்கூண்டு எல்லாம் வந்தன. கழிமுகத்தில் அடித்த காற்றில் முன்னால் இருந்தவர் தொப்பியே பறந்தது, நம்பினால் நம்புங்கள், அந்தக் கைக்குட்டை மட்டும் அசையவில்லை. அவள் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. திரும்பும்போது அப்படியே கண் அசந்துவிட்டேன்.

ராயபுரத்தில் விழித்தால் கைக்குட்டையைக் காணோம். எடுத்தது யார் என்று வழிகாட்டி அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"அக்காதான் எடுத்துகினு போச்சு."

"எந்த அக்கா?"

"உன் பக்கத்துல ஜன்னலாண்ட குந்திகினு வந்துச்சே, அது. போட்டோ எடுக்கக் காசிமேட்டுல நிறுத்தினோம்ல, அங்க எறங்கிடுச்சு. அம்மா வூட்டுக்குப் போறேன், அவரு தூங்கட்டும், நான் அப்பாலிக்கா வரேன்னு சொல்லுன்னுச்சு."

காசிமேட்டில்தான் மல்லிகாவின் அம்மா வீடு இருந்தது. எங்களுக்குள் சண்டை வந்தால், பஸ்ஸில் பாதி வழியில் அங்கே இறங்கிக்கொண்டு, அப்பாலிக்கா வரேன் என்று இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போவாள். இதை அந்த வண்டியில் நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியமாக.

அன்றைக்கே ஓடினேன். வீடு எப்போதோ இடிந்து, அங்கே ஐஸ் கம்பெனி சுவர்தான் நிற்கிறது. கைக்குட்டை இன்றுவரை கிடைக்கவில்லை.

அதைக்கூட விடுங்கள். அப்பாலிக்கா வரேன் என்று சொன்ன எந்த நாளும் மல்லிகா விளக்கு வைப்பதற்குள் வராமல் இருந்ததில்லை. அதனால் பொழுது சாய்ந்தால் நான் எங்கேயும் போவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுவதில்லை.