பன்னிரண்டாம் வரி

நைரோபிக்கு மேற்கே, எங்கள் சுவேலே சந்தையில் பொடிமீன் விற்கிற நசாம்புவுக்கு ரேடியோவில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ஏரியைப் பார்க்காத மீன்காரி'. வைத்தவன் நான்தான். முப்பது வருஷமாக ஏரி மீனை விற்றுக்கொண்டு ஏரியை ஒரு தடவைகூடப் பார்க்காதவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவளுக்குக் கோபம் வரவில்லை. "அதையே எழுதுங்கண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்றாள். எழுதினேன். பதினொரு வருஷம் அவளுக்காக எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் மகோகா. தையல்காரன். சுவேலே சலாம் சங்கத்தின் செயலாளரும் நானே. சனிக்கிழமை மதியம் ரேடியோவில் கிட்டூயி என்றொரு வாயாடி சலாம் அட்டைகளைப் படிப்பான். இன்னார் இன்னாருக்கு சலாம் சொல்கிறார், இந்தப் பாட்டைக் கேட்கிறார் என்று. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது சாப்பாட்டுக்கு அடுத்தபடி. வருஷக் கடைசி அட்டைதான் பெரியது. அந்த வருஷத்தின் மூன்று சந்தோஷம், பிடித்த மூன்று விஷயம், நன்றி சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர். ஒரு வரிக்கு ஒரு பெயர். கடைசிப் பெயர்கள் வருவதற்குள் பெரும்பாலும் நேரம் தீர்ந்துவிடும். "இன்னும் சிலர், மன்னிக்கணும்" என்று கிட்டூயி வெட்டிவிடுவான்.

"போன்ல சொன்னா என்னடி?" என்று ஒருதரம் கேட்டேன்.

"நன்றிய போன்ல சொல்றது கதவச் சாத்திக்கிட்டுக் கறி திங்கற மாதிரிண்ணே. நாலு பேரு கேக்கணும்" என்றாள் நசாம்பு.

அவள் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் லுஸ்வெட்டி. இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் நஞ்சாலா காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, பாலம் முங்கிய ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனவன் அவன். அக்கரையில் யாருடைய சைக்கிளையோ பிடுங்கி, ஆஸ்பத்திரி வரை மிதித்திருக்கிறான். சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவன், எங்கள் சங்கத்தின் தலைவன், என் சிநேகிதன்.

சிநேகிதன் என்று எழுதும்போது கை கூசுகிறது. நசாம்புவுக்கு மட்டுமல்ல, எழுதத் தெரியாத எல்லாருக்கும் நான்தான் அட்டை எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்கியதில்லை. ஆனால் எல்லார் அட்டையிலும் பன்னிரண்டாம் வரியில் சத்தமில்லாமல் 'தையல்காரர் மகோகா' என்று எழுதிவிடுவேன். ஒரு கூட்டத்தில் லுஸ்வெட்டி எழுந்தான். "நம்ம செயலாளருக்கு ஊரே நன்றி சொல்லுது, ஊருக்குத்தான் அது தெரியாது!" என்றான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியே சிரித்தாள்.

அன்றிலிருந்து என் பெயரை எழுதுவதை விட்டேன். கூடவே நசாம்புவின் அட்டையில் லுஸ்வெட்டியின் பெயரையும் விட்டேன். கொஞ்ச நாளில் அவன் கிட்டாலே பக்கம் மகளோடு குடிபோய்விட்டான். டிசம்பரில் அவன் ரேடியோ முன்னால் காத்திருந்து ஏமாறட்டும் என்பதுதான் என் எண்ணம். அவ்வளவு சின்ன புத்தி. "லுஸ்வெட்டி பேரு வரலையேண்ணே?" என்று நசாம்பு கேட்டால், "பெரிய மனுஷன் பேரு கடைசியில வரணும்னு கடைசியா போட்டேன், அந்தக் கிட்டூயிப் பய வெட்டிட்டான்" என்பேன். ஆறு வருஷம் இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

இந்த வருஷம் நசாம்புவுக்கு ஐம்பத்திரண்டு. அவள் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு வருஷம் வந்ததில்லை.

மார்ச் மாதம் நஞ்சாலாவுக்கு இரட்டைப் பிள்ளை. முதலில் வந்தவன் முக்வானா, பின்னால் வந்தவன் முலோங்கோ. எங்கள் பக்கம் இரட்டையருக்கு எப்போதும் இந்த இரண்டு பெயர்தான், தேடவே வேண்டாம். நைரோபியிலிருந்து மகள் அனுப்பிய செய்தியைப் படிக்க நசாம்பு போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். 'இரண்டும் நலம், நான் களைத்துவிட்டேன்' என்றுதான் இருந்தது. நான் சும்மா படிக்காமல், "களைச்சுட்டாளாம், இனிமே போதும்னு மாப்பிள்ளகிட்ட சொல்லச் சொல்றா" என்று சேர்த்துச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நசாம்பு போனை வாங்கிக்கொண்டு அந்த எழுத்துகளையே பார்த்தபடி நின்றாள்.

"என் மக எனக்கு எழுதினத ஊரு சிரிச்சப்புறம்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் சர்ச் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நெகோயே என்ற சின்னப் பெண் வாத்தியார். நசாம்பு மீனை அளக்கும் டப்பாவில் கரியால் எழுதிப் பழகினாள். அந்தச் சமயத்தில் அவளிடம் மீன் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் குழம்பில் கொஞ்சம் கரியும் சேர்ந்துதான் வெந்திருக்கும். ஜூனில் வாழைக்காய் வண்டிமேல் எழுதியிருந்ததைப் படித்தாள். ஜூலையில் தன் பெயரை எழுதினாள். நான் வாயால் மட்டும் பாராட்டினேன்.

ஆகஸ்டில் மீன் கொண்டுவரும் லாரிக்காரன் வமாலுவா, "வாங்கம்மா, ஏரியக் காட்டறேன்" என்று கூட்டிப்போனான். அவள் முழங்கால் மட்டும் தண்ணீரில் இறங்கி நின்று, "இத்தாம் பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு இத்துனூண்டு மீனா!" என்றாளாம். திரும்பி வந்தது பஸ்ஸில். பஸ்ஸில் ஒரு படம் ஓடியிருக்கிறது. பாதியில் ஊர் வந்துவிட்டதால் முடிவு தெரியவில்லை. "இந்த வருஷம் எனக்குப் பிடிச்ச படம் அதுதான். முடிவு தெரியாததால எல்லாரும் நல்லாயிட்டாங்கன்னு வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் மத்தியானம் அவள் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, இந்த வருஷம் கார்ட நானே எழுதப்போறேன். பழைய கார்டெல்லாம் நகல் எடுத்து வெச்சிருப்பீங்களே, அந்த நோட்டக் குடுங்க. பாத்துப் பழகிக்கறேன்."

செயலாளர் என்கிற பெருமையில் ஒவ்வொரு அட்டையையும் நோட்டில் நகல் எடுத்து வைத்தவன் நான். தலையெழுத்து.

"அத எலி கடிச்சிருச்சு" என்றேன்.

"எலி வெச்ச மிச்சத்தப் படிக்கறேன், எடுங்க."

நோட்டு அவள் கண்ணுக்கு எதிரிலேயே அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டாள். நான் மெஷினை மிதித்தேன். அவள் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தாள். முதல் வருஷம், முதல் வரி, லுஸ்வெட்டி. அதைப் படித்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம். இரண்டாம் வருஷம், லுஸ்வெட்டி. ஐந்தாம் வருஷம் வரை லுஸ்வெட்டி. ஆறாம் வருஷத்துப் பக்கத்தில் பன்னிரண்டு பெயரையும் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். நான் மெஷினை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

நசாம்பு நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

"எனக்கு இன்னும் சரியாப் படிக்க வரலியோ அண்ணே? 'லு'ல ஆரம்பிக்கற பேரு இந்தக் கடைசிப் பக்கங்கள்ல எங்கயும் தட்டுப்படலியே."

ஒரு வார்த்தை போதும் எனக்கு. 'ஆமா, இன்னும் வரலை' என்றால் தப்பித்துவிடலாம். அவள் நம்பியிருப்பாள். எட்டு மாதப் படிப்பையும் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. மீன் டப்பாவில் அழித்து அழித்து எழுதிய அவள் விரல்களில் கரி இன்னும் போகாமல் இருந்தது.

"நல்லாத்தான் படிக்கற நசாம்பு," என்றேன். "நான்தான் எழுதல."

அவள் நோட்டை மூடினாள்.

"ஆறு வருஷம். அந்த மனுஷன் ஆறு டிசம்பர் ரேடியோ முன்னால உக்காந்திருப்பாரு. இவ மறந்துட்டான்னு நெனச்சிருப்பாரு." எழுந்தாள். "சீ! அன்னிக்குக் கூட்டத்துல சிரிச்சதுக்கா?"

நோட்டை மீன் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேச்சில்லை. என் மனைவி போனால் டப்பா நிறைய அளந்து, மேலே ஒரு கையும் போடுவாள். நான் போனால், முன்னால் மீன் குவிந்து கிடக்கும்போதே, "மீன் இல்ல" என்பாள்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை சந்தையே ரேடியோவைச் சுற்றி நின்றது. நான் கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். கிட்டூயியின் குரல் வந்தது.

"அடேயப்பா, இது புதுக் கையெழுத்து! சுவேலேயிலேருந்து நசாம்பு அம்மா, 'ஏரியைப் பார்த்த மீன்காரி'! சந்தோஷம் மூணு: பேரப்பசங்க ரெண்டு பேரு வந்தாங்க, ஏரியப் பாத்தேன், இந்தக் கார்ட நானே எழுதினேன். பிடிச்சது மூணு: கூவ மாட்டேன்னு அடம்பிடிச்ச சேவல் பாட்டு, ஆட்டுக்கு மந்திரி பதவி குடுத்த ரேடியோ நாடகம், பஸ்ல பாத்த பாதிப் படம். சரி, நன்றி யாருக்கு? லுஸ்வெட்டி... லுஸ்வெட்டி... லுஸ்வெட்டி..."

நிறுத்தினான். வாய்விட்டுச் சிரித்தான்.

"அம்மா இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டாங்க போல. ஒரே பேர எழுதி எழுதிப் பழகியிருக்காங்க! இன்னும் இருக்கு பாருங்க, லுஸ்வெட்டி... லுஸ்வெட்டி... லுஸ்வெட்டி!"

வெளியே சந்தை சிரித்தது. அது பிசகில்லை என்பது எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு ஆறு வரி. நான் பிடித்து வைத்ததையெல்லாம் அவள் ஒரே அட்டையில் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் முக்வானா, முலோங்கோ, நஞ்சாலா, வாத்தியார் நெகோயே, லாரிக்காரன் வமாலுவா. மொத்தம் பதினொன்று.

"கடைசியா இன்னொருத்தர் இருக்காரு... மன்னிக்கணும், செய்திக்கு நேரமாச்சு!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பன்னிரண்டாம் வரி என்னைத் தூங்கவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை. சர்ச் பாதிரியாராக இருக்கும். மாப்பிள்ளையாக இருக்கும். நானாக இருக்க நியாயமே இல்லை. ஆனாலும் மனசு அங்கேயே போய் நின்றது. இப்படித்தான் ஒருவன் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறான்.

திங்கட்கிழமை சந்தையில் அவளுக்கு எதிரில் போய் நின்றேன். 'மீன் இல்ல' என்று அவள் சொல்லவில்லை.

"லுஸ்வெட்டி போன் பண்ணினாரு. நம்ம டீக்கடைக்காரர்கிட்ட என் நம்பர வாங்கியிருக்காரு. 'என்ன நசாம்பு, நான் செத்துட்டேன்னு நெனச்சியா, ஆறு தடவ கூப்பிடற?'ன்னு சிரிச்சாரு. அப்புறம், 'இத்தன வருஷமா ஏன் கூப்பிடல?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"காரணத்த மகோகாண்ணன் சொல்லுவாருன்னேன்." பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். "நம்பர் இதுல இருக்கு. இந்த வருஷத்துக் கார்டையும் நகல் எடுத்துட்டேன். சங்கத்துக் கணக்கு விட்டுப்போகக் கூடாதில்ல?"

மீன் வாடை அடிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய பெரிய எழுத்து, ஒவ்வொரு வரியும் கீழ்ப்பக்கம் சரிந்திருந்தது. பன்னிரண்டாம் வரியில் இருந்தது: 'தையல்காரர் மகோகா. நான் படிச்சது சரின்னு சொன்னவர்.'

நிமிர்ந்து பார்த்தேன். "கடைசில போட்டிருக்கியே."

"கடைசி வரிய வெட்டுவாங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்று மீனை அளக்க ஆரம்பித்தாள். டப்பாவுக்கு மேல் ஒரு கை போட்டாள்.

அங்கேயே, அவள் பக்கத்தில் கவிழ்த்திருந்த கூடைமேல் உட்கார்ந்து, கிட்டாலேக்குப் போன் போட்டேன். லுஸ்வெட்டி எடுத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. மன்னிச்சிருடா என்றேன். அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"டேய் மகோகா," என்றான் கடைசியில். "அந்தக் கிட்டூயி வெட்டினானே, பன்னிரண்டாவது பேரு. அது உன் பேருதானே?"

"ஆமாண்டா."

"தெரியும்டா எனக்கு! நீ திருந்தவே மாட்டியா?"

"இல்லடா லுஸ்வெட்டி," என்றேன். "இந்தத் தடவ நான் எழுதல."