காலையில் சப்பை, மாலையில் உப்பல்

போன செவ்வாய்க்கிழமை மாலை குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு, மேலகரம் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். சைக்கிளில் அல்ல, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பையின் வார் பின்சக்கரத்தில் சிக்கி இரண்டு கம்பி போயிருந்தது. குற்றாலச் சாரல் பின்னாலேயே வந்தது. வேலைதான் வரவில்லை, அதை லாட்ஜிலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் எந்தப் பை வாங்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். ஆனால் பைகளை நான் நம்புவதில்லை.

முதுகுப் பை? வெளியே மழை, உள்ளே வேர்வை... இரண்டும் நடுவில் சந்திக்கும். 'வாட்டர்புரூஃப்' என்று கடைக்காரர் சொன்னால் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். ஏழு ஜிப் வைத்த பை இன்னும் மோசம் — எது முதலில் பல்லிளிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் எட்டாவதோடு நின்றவன். ஊர் ஊராக வேலை பார்த்தவன். படித்துத் தெரிந்ததல்ல, விழுந்து தெரிந்தது இது: கனம் உடம்பில் இருக்கக் கூடாது, கேரியரில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக.

அதனால் தென்காசியில் ஒரு டெய்லரிடம் பழைய தார்ப்பாயில் இரட்டைப் பை தைத்து வாங்கினேன். இடப்பக்கம் டிபன் பாக்ஸ், காற்றடிக்கும் பம்ப். வலப்பக்கம் மாற்றுத்துணி. ஒரே குறை, பாக்ஸும் பம்பும் மோதிக் குழிக்குக் குழி கடகடவென்றன.

குற்றாலத்து லாட்ஜில் நான் அறை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே பெருக்குகிற செல்வி அக்கா, தூக்கிப்போட வைத்திருந்த கிழிந்த துண்டு ஒன்றைத் தந்தாள்.

"இதச் சுத்தி வையி தம்பி. நீ வருதது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கு."

சுற்றினேன். சத்தம் நின்றது.

மேனேஜருக்கு என் பை மேல் ஒரு கண். செவ்வாய் மாலை கேரியர் பக்கம் வந்து நின்றார்.

"ஏன்வே, காலைல சப்பையா வருது, சாயங்காலம் உப்பிக்கிட்டுப் போவுது. இங்கன என்னத்தத் தின்னுது உம்ம பை?"

"ஈரத்துணி அண்ணாச்சி. வரும்போது மடிச்சு வச்சது, போகும்போது சுருட்டித் திணிச்சது. இந்தச் சாரல்ல எங்கன காயுது?"

"அப்பம் தொறந்து காட்டும்."

வலப்பக்கம் திறந்தேன். ஈரக் கைலியின் வாடையில் அவர் முகம் சுளித்தார். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

"அந்தப் பக்கமும்."

இடப்பக்கம் திறந்ததும் சந்தோஷம் போயிற்று. துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலில் லாட்ஜ் பெயர்.

"சத்தம் வராம இருக்கச் சுத்துனேன் அண்ணாச்சி."

"சத்தம் வராமத்தான எல்லாவனும் எடுக்கான்" என்றார்.

செல்வி அக்கா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தால் அவள் வேலையும் போகும். அவளுக்குச் சைக்கிள்கூடக் கிடையாது. துண்டு யார் தந்தது என்று நானும் சொல்லவில்லை. அவிழ்த்ததை அவசரமாகத் திணித்தேன், வாரை இறுக்கவில்லை. அதுதான் சக்கரத்துக்குள் போனது. கோபத்தில் பை கட்டாதீர்கள் — வாசகருக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

நடக்க நடக்க ஒரு சந்தேகம். வலப்பக்கத்தைப் பார்த்த பிறகு இடப்பக்கத்தை ஏன் கேட்டார்? துண்டு அங்கே இருப்பது இன்னும் ஒருத்திக்குத்தானே தெரியும்? சே, இருக்காது... என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை சைக்கிளை ரிப்பேர் கடையில் விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் குற்றாலம் போனேன். அருவிக்குப் போகிற வழியில், குளிக்க வருகிறவர்களின் பைகளை டோக்கன் கட்டி வாங்கிவைக்கிற ஷெட் ஒன்று. ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"நேத்து வரைக்கும் எங்கன வேலைக்கு நின்னீரு?" என்றார் நடத்துகிற அண்ணாச்சி.

மறைக்காமல் சொன்னேன். எப்படியும் அவர் காதுக்கு வரும். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தார்.

"யாரையும் லேசுல நம்புவீரா?"

"கொஞ்சம் கஷ்டம் அண்ணாச்சி."

"அப்பம் உள்ள வந்து உக்காரும். முன்ன இருந்தவன் எல்லாரையும் நம்புதவன். கேட்டவனுக்கெல்லாம் பையத் தூக்கிக் குடுத்துட்டான்."

உட்கார்ந்தேன். முதல் டோக்கனை என் பையில்தான் கட்டினேன்.