மாரிக்காலத்து வேகம்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசம் உண்டு. முடி கருகும் வாசத்துக்கும் வெயிலில் காயும் புது பிளாஸ்டிக்கின் வாசத்துக்கும் இடைப்பட்ட அது இன்றைக்கும் மூக்கில் ஏறினால், என் கை தானாகவே வயரைப் பிடுங்கப் போகும். சுனாமிக்குப் பின் வந்த இரண்டாவது மாரியில், நாவற்குடா வீட்டு முன்னறையில், பதினேழு வயதில், ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் குந்தியிருந்த நாட்களில் எனக்குள் ஏறிக்கொண்ட வாசம் அது.

அண்ணா வேலை பார்த்த நிவாரண நிறுவனம் அலுவலகத்தை மூடியபோது கொடுத்துவிட்டுப் போன பெட்டி. அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்ட், அதாவது திரையில் படங்களை வரைந்து தள்ளுகிற பலகை, அப்போதே கிழடு தட்டியிருந்தது. திறந்து கிடந்த பெட்டியை அம்மா "குடல் தள்ளின மாடு" என்பார். "மூடு புள்ள, பல்லி கில்லி உள்ளுக்குப் போயிரப்போகுது" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

எனக்கு அந்தக் கார்ட் ஓடியே ஆகவேண்டும். என் வகுப்புத் தோழி ரேணுகாவின் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த மணல் துண்டில் இருந்தது. அலை அந்த வீட்டையும் அவளுடைய அம்மாவையும் தம்பியையும் கொண்டுபோனது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. வாவியில் வலை வீசிப் பிழைத்த அவளுடைய அப்பா தன்னாமுனையில் ஒரு தற்காலிக வீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குக் காட்டுவதற்காக நாங்கள் இருவரும், வீடு வரைகிற ஒரு சொப்ட்வெயாரில், அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் உள்ளே நடந்து போகக்கூடியதாக அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். "கிணத்தடியில இருந்து குசினி வாசலுக்கு என்ட காலால பதினாலு அடி" என்று எங்கள் வளவில் நடந்து அளந்து காட்டுவாள். சுவர்களுக்கும் கதவுகளுக்கும் நிறங்களை அவளே கலந்து பூசினாள். கலண்டர் மாட்டின ஆணியைக்கூட விடவில்லை.

பொருட்கள் கூடக் கூடப் படம் தள்ளாடத் தொடங்கியது. பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டபின்தான் திரையில் அடுத்த அடி விழும். அது எனக்குப் பொறுக்கவில்லை. ரேணுகாவின் அப்பா தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நடக்கவேண்டும், படம் தண்ணீராய் ஓடவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றேன்.

நெற் கபேயில் நான்கைந்து பக்கங்கள் அச்செடுத்து வந்தேன். கம்பனி வைத்த அளவுக்கு மேலே கார்ட்டின் வேகத்தைத் தள்ளுவது எப்படி என்று அதில் இருந்தது: ஐந்து ஐந்து மெகாஹேர்ட்ஸாக ஏற்று, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு பாரமான படமொன்றை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைப் பார், திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தால் எல்லை தாண்டிவிட்டாய், இறக்கு, இறக்கியபின் இன்னும் பத்து இறக்கி அங்கே நில். ஒரு எழுத்துத் தப்பாமல் செய்தேன். இருபத்தெட்டாவது நிமிடத்தில் கரண்ட் போகும், திரும்பவும் முதலிலிருந்து. வடக்கே வாகரைப் பக்கம் ஷெல் அதிரும், அம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார், திரும்பவும் முதலிலிருந்து. முந்நூற்றைம்பதில் தொடங்கியவள் மூன்று கிழமை கழித்து நானூற்றுப் பத்தில் நின்றேன். வெளியே மழை கொட்டியது, திறந்த யன்னலால் வாவிக் காற்று வந்தது, எழுபத்திரண்டு பாகைக்கு மேல் சூடு ஏறவில்லை. "410, இதுக்கு மேல வேண்டாம்" என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன்.

ஆனால் ரேணுகாவின் அப்பா வரவில்லை. கூப்பிட்ட போதெல்லாம் "எனக்கு ஏலா மனே" என்றார். மாதங்கள் போயின, பரீட்சைப் படிப்பில் நாங்களும் பெட்டியை மூடிவைத்தோம். ஆடி பிறக்கிற நேரத்தில் அவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, தானாகவே, "அந்தப் படத்த ஒருக்கா பாத்திட்டுப் போறன்" என்று சொல்லியனுப்பினார்.

அன்றைக்குக் கச்சான் காற்று. கரடியனாற்றுப் பக்கத்து வயல்களை வறுத்துக்கொண்டு மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று முகத்தில் பட்டால் பாண் சுடுகிற போறணை வாசலில் நிற்பதுபோல இருக்கும். புழுதிக்குப் பயந்து அம்மா யன்னல்களைச் சாத்தினார். பயணம் போகிற மனிசன் வருகிறார், அவர் முன்னால் குடல் தள்ளின மாடு கிடக்கலாமா என்று எனக்கே தோன்றியது. தகட்டை வைத்து ஆணிகளை முறுக்கினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் ரீவியை மூடினதுபோல, அம்மா பின்னிய வெள்ளைத் துணியை எடுத்துப் பெட்டிக்கு மேல் அழகாய் விரித்தேன். நான்தான் விரித்தேன்.

ரேணுகாவின் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா மடிப்புக் கலையாத நீட்டுக்கைச் சட்டையோடு வந்து கதிரை நுனியில் இருந்தார். "நாலு மணி பஸ்ஸுக்கு விட்டிரு மனே. ஆமிச் சென்றியில மறிச்சா கரைச்சல்."

ரேணுகா பொத்தானை அழுத்தினாள். வளவுக் கடப்பு திறந்தது, கிணறு வந்தது, முருங்கை வந்தது. விறாந்தை வந்ததும் மாமா முன்னால் குனிந்தார். அப்போது திரையெங்கும் வெள்ளையாய்த் தெறித்தது.

"இதென்ன புள்ள, மழையா?"

வாசற்படியில் படம் நின்றுவிட்டது.

நிறுத்தித் திரும்பப் போட்டேன். கிணறு, முருங்கை, வாசற்படி, நின்றது. மூன்றாம் தரமும் அதே இடம். நானூற்றுப் பத்து நான் பார்த்துப் பார்த்து வைத்த எண், அது பிழைக்காது என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பழைய வேகத்தில விட்டா போகும் மாமா, ஆனா விட்டு விட்டுத்தான் நடக்கும், வடிவா இருக்காது" என்றேன்.

"விட்டு விட்டு நடந்தா என்ன?" என்றார் அவர். "நான் என்ன அதுக்குள்ள ஓடவா வந்தன்?"

வேகத்தை இறக்கினேன். அதற்குள் திரையில் கோடுகள் விழுந்து, பிறகு எதுவுமே இல்லை. அந்த வாசம் வந்தது. துணியை இழுத்துத் தகட்டில் கை வைத்தவள், சூடு பட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். "உன்ட மெகாஹேர்ட்ஸக் கொண்டுபோய் வாவிக்க போடு!" என்றாள் ரேணுகா. அவள் என்னோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளோடு கதவடியில் நின்றார்.

மாமா எழும்பிச் செருப்பைப் போட்டார். "வாசல் மட்டும் வந்திட்டம்தானே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் மீது எனக்கு இன்றும் எரிச்சல்தான். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருக்கிற குளிர்நாட்டு அறையில் பார்த்த சூட்டை உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிவைத்தார்கள். மாரியில் பார்த்ததைக் கச்சானில் திரும்பப் பார்க்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும், கச்சானில் வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் கேட்காத வேகத்தை அவருக்காக ஏற்றினேன் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல்.

சண்டை முடிந்த பிறகு மாமா திரும்பி வந்தார். நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளினேன். நோயோடு வந்தவர் இரண்டாவது மாரியைக் காணாமலே கண்மூடினார்.

இப்போது கார்ட்கள் தம் சூட்டைத் தாமே பார்த்து வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. ஐந்து ஐந்தாய் ஏற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க எவருக்கும் தேவையில்லை. நெற் கபே இருந்த இடத்தில் போன் உறைகள் தொங்குகின்றன. போன மாதம் அந்தப் பெட்டியிலிருந்து அண்ணா கழற்றிவைத்திருந்த டிஸ்க்கிலிருந்து அந்த வீட்டை மீட்டு என் மடிக்கணினியில் ஓடவிட்டேன். தடங்கலே இல்லை, வாசற்படியைத் தாண்டி நேரே உள்ளே போனது. ஆனால் ரேணுகா பூசிய நிறங்கள் இருந்த கோப்புகள் அழிந்துவிட்டன. சுவர், கதவு, யன்னல் எல்லாம் ஒரே சாம்பல்.

இப்போது கனடாவில் இருக்கும் அவளுக்குப் போன் எடுத்து, உள்கதவு என்ன நிறம் என்று கேட்டேன்.

"பச்சை" என்றாள் உடனே. "இல்லடி... பொறு. அப்பாதான் அடிச்சவர். அவரிட்டத்தான் கேக்கணும்."